நல்லா கட்டுங்க சார்

டிசம்பர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். செகந்திராபாத்தின் போவன்பள்ளியில் பதினான்கு டிகிரி குளிர், மேகமில்லாத வானம், காய்கறி மார்க்கெட் பக்கமிருந்து மெல்லிய காற்று. அந்தக் காற்று எங்கள் தெருவுக்கு அழுகிய முட்டைக்கோஸ் வாசனையோடுதான் வரும். அதைப் பற்றி இதுவரை பதினோரு புகார்க் கடிதம் எழுதியிருக்கிறேன். அன்று அந்த முட்டைக்கோஸையே மல்லிகை என்று சொல்லும்படியான ஒரு நாற்றம் எங்கள் வாசலில் நின்ற கேரவனுக்குள்ளிருந்து வந்தது.

என் மனைவி கேரவன் படியில் நின்றுகொண்டு, "இறங்க மாட்டேங்குது. தண்ணி ஊத்தினா மேலதான் வருது" என்றாள்.

நான் போனை எடுத்து 'டேங்க்' என்ற பெயரை அழுத்தினேன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. அது என் மனைவிக்குத் தெரியும். நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் நேராகச் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை. ஏழு மணி பதிமூன்று நிமிடத்துக்கு எடுத்தார்.

"டேங்க் அடைச்சுக்கிச்சு" என்றேன்.

"ஆகும் சார்."

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நாங்க ஊருக்குக் கிளம்பணும். எத்தனை மணிக்கு வருவீங்க?"

"வந்துருவேன் சார்."

"எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

"வெயில் ஏறட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவரை நான் மொத்தம் ஏழு முறை பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது ஐந்தாவது முறை. இப்போது அந்த போன் எண் வேறு யாருக்கோ போய்விட்டது. மகன் அவரை விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. ஏழு முறையும் அவரிடம் நான் கேட்டது பெரும்பாலும் எத்தனை, எவ்வளவு, எப்போது என்ற கேள்விகள்தான். நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் பேரிங்குகளைச் சோதித்துத் தள்ளிய ஆள் நான். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. அவருக்கு அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. இத்தனை கிலோமீட்டர் தாங்குமா என்றால் "ஓடும் சார்." எவ்வளவு நேரம் ஆகும் என்றால் "ஆகும் சார்." உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். "இருக்காங்க சார்" என்றார். நாலு பேர் என்று பிறகு என் மனைவி சொன்னாள். அவரிடம் அவள் அதைக் கேட்கவேகூட இல்லையாம், தானாகச் சொன்னாராம்.

அவர் தாத்தா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவர். இவர் பிறந்தது, படித்தது, சர்ச்சில் கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேதான். மனைவி ராஜமுந்திரிக்காரர். ஆகவே அவருடைய பேச்சில் தாத்தாவின் தமிழ் ஒரு பங்கும், மனைவியின் தெலுங்கும் தெருவின் உருதும் மீதிப் பங்கும் இருந்தன. முதல் சந்திப்பிலேயே நான் அதைக் கண்டித்தேன். ஒரே வாக்கியத்தில் ஆமாவுக்கு மூன்று 'ஹவ்', வேண்டாமுக்கு இரண்டு 'நக்கோ' வந்தால் என்னால் பொறுக்க முடியாது.

"தமிழ்க்காரர்தானே நீங்க? என்கிட்டத் தமிழ்லயே பேசுங்க."

"ஹவ் சார்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி சார்" என்று திருத்திக்கொண்டார். பாவம், அதன்பிறகு என்னிடம் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து மொழிபெயர்த்துப் பேசினார். அதனால் நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

கேரவன் என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கப் பயன்பட்டு, ஒன்பது வருடம் உழைத்துக் களைத்த வேன் அது. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலக் கதவோடு ஒரு கழிப்பறை, அதன் அடியில் எண்பது லிட்டர் டேங்க். டேங்க்கின் வாயில் இழுத்துத் திறக்கிற ஒரு வால்வு. அந்தக் கழிப்பறைக்காகத்தான் அந்த வேனையே வாங்கினேன்.

என் மனைவிக்குச் சிறுநீர்ப்பை உபாதை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் ஓடுகிற ரயிலில் அப்படி எழுந்து போனவள் விழுந்து மணிக்கட்டை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டாள். அன்றோடு பயணத்தை விட்டுவிட்டாள். குடியாத்தத்தில் இருக்கும் அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு மணிக்குப் போன். குறைந்தது ஐம்பது நிமிடம். அந்த ஆகஸ்டில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதன்பிறகும் நாலு மணிக்குப் போன் வரும். அக்கா மகள் ரிசீவரைப் பிடித்துக்கொள்வாள், அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நாலாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போனை எடுக்கவில்லை. மறுவாரம் நான் வேன் வாங்கினேன். விலை விசாரிக்காமல் வாங்கிய ஒரே பொருள் என் வாழ்க்கையில் அதுதான்.

வாங்கும்போது சோதித்துச் சொல்ல யாரோ அனுப்பிவைத்த ஆள்தான் இவர். மல்லாபூரில் ஒரு தகரக் கொட்டகை. ஷூட்டிங் கேரவன்களின் குழாய், டேங்க், மரவேலை எல்லாம் அங்கேதான். கொட்டகையில் அவரிடம் ஒரு அளவு டேப் இருந்தது. முதல் பதினேழு சென்டிமீட்டர் அறுந்து போய்விட்ட டேப். அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் கட்டிலுக்குப் பலகை அளந்தார்.

"பதினேழைக் கழிக்கணுமே" என்றேன்.

"கழிக்கலாம் சார். பலகைக்கு அதெல்லாம் தெரியாது."

பலகை சரியாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்து என் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இன்னொரு முறை போனபோது கொட்டகைக்கு வெளியே பளபளவென்று ஒரு பெரிய கேரவன். அதன் டேங்க்கை அவர் அலசிக்கொண்டிருந்தார். யாருடைய வண்டி என்று என் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"ஆக்டருதான் அக்கா." என்னை சார் என்பவர் இவளை முதல் நாளே அக்கா என்று ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஆக்டரு?"

"நடிக்கிறவங்கதான்."

"ஹீரோவா, ஹீரோயினா? அதையாவது சொல்லுங்க."

"டேங்க்குக்குள்ள வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் அக்கா" என்று சொல்லிக் குழாயைத் திருப்பிக்கொண்டார். இந்த ஊர் நடிகர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு வயிறு சரியில்லை, யார் எதைக் கழிப்பறையில் போட்டு மறைக்கப் பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த மனிதர். அரை மணி நேரம் கிண்டியும் என் மனைவியால் அவரிடமிருந்து ஒரு முதல் எழுத்தைக்கூட வாங்க முடியவில்லை.

நாலாவது சந்திப்பில் கழிப்பறையைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். "வால்வை எப்பவும் மூடியே வைங்க சார். நிறைஞ்சா மட்டும் திறங்க. போனதும் தண்ணியைத் தாராளமா ஊத்துங்க."

"தாராளம்னா எத்தனை லிட்டர்?"

"தாராளம்தான் சார்."

ஒரு எண் சொல்லியிருந்தால் நான் அதை அப்படியே கடைப்பிடித்திருப்பேன். சொல்லாததால் நானாக ஒன்றை நிர்ணயித்தேன். எண்பது லிட்டர் டேங்க், நெடும்பயணம், இடையில் எங்கே கொட்டுவது? ஆகவே ஒரு தடவைக்கு அரை மக். மக்கில் பாதி உயரத்தில் மகளின் பழைய நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டேன். வால்வை மூடி வைப்பதும் எனக்கு வீணாகப் பட்டது. அதில் ஒரு குழாயை மாட்டி வீட்டுச் சாக்கடைத் தொட்டிக்கு விட்டு, எப்போதும் திறந்தே வைத்தேன். வருகிறது வரவரப் போய்விட்டால் டேங்க் நிறையவே நிறையாதல்லவா? பயணத்துக்கு முன் பழகிக்கொள்ளட்டும் என்று நவம்பர் முதல் தேதியிலிருந்து மனைவியை வீட்டுக் கழிப்பறைக்குப் பதிலாக அவ்வப்போது கேரவனுக்கே போகச் சொன்னேன்.

தண்ணீர் ஓடிப்போகும், மற்றது ஓடாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அது அங்கேயே தங்கி, காகிதத்தோடு சேர்ந்து, நாளுக்கு நாள் மேடாகி, டிசம்பர் ஒன்பதாம் தேதி காலையில் கழிப்பறையின் வாயைத் தொட்டுவிட்டது.

வெயில் ஏறியபோது, அதாவது ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மூக்கைப் பொத்தவில்லை. கழிப்பறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே குனிந்து, திறந்து கிடந்த வால்வைப் பார்த்தார். பிறகு மக்கை எடுத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை. மக்கைக் கோடு தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வால்வை மூடினார்.

என் மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள். "தம்பி, நேராச் சொல்லுங்க. நான் பேப்பர் நிறையப் போடறேன். அதனாலதானே?"

"யாராலன்னு இல்ல அக்கா. ஆகும்."

"எதனால ஆகும்?"

"டேங்க்குன்னா ஆகத்தான் செய்யும்."

"அப்ப என்னாலதான்" என்றாள். "என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்படறீங்க. வீட்டுல நிக்கிற வண்டிக்கே இந்தக் கதின்னா ரோட்டுல என்ன ஆகும்? அக்கா வீட்டு வாசல்ல இந்த நாத்தத்தோட போய் நிக்கணுமா நான்? போறது வேணாம். விடுங்க." திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். முந்தின நாளே கட்டி வைத்த அவளுடைய பை கேரவன் கட்டிலின் கீழே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவர் என்னைப் பார்க்காமல் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். எண்ணை மறைத்தே பழகிய மனிதர் என் கோட்டையும் மறைத்துவிட்டார் என்று எனக்கு முதலில் நிம்மதிதான் ஏற்பட்டது. அதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

வேலை இப்படி: டேங்க்கைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும், சோப்பு விட வேண்டும், வண்டியை நன்றாகக் குலுங்கும்படி ஓட்ட வேண்டும், அது ஊறிக் கரைந்ததும் வால்வைத் திறக்க வேண்டும். வாசல் குழாயில் ரப்பர் ஹோஸைப் பொருத்தி, ஜன்னல் வழியே உள்ளே விட்டோம். ஹோஸ் ஜன்னலில் வழுக்கி வழுக்கி விழுந்தது. "பிடிச்சுக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய், ஹோஸின் நுனியை மேட்டுக்குள் குத்தி இறக்கி, தரையில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினார். நான் வெளியே ஜன்னலருகே. குழாய் எனக்குப் பின்னால் நாலடியில்.

ஆறு நிமிடம் ஓடியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நல்லா கட்டுங்க சார்."

நியாயம்தான். ஹோஸ் வழுக்குகிறதே. கயிறு எடுத்து ஹோஸை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

"சார், நல்லா கட்டுங்க."

இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"நல்லா சார், நல்லா. கட்டுங்க."

"கட்டியாச்சுங்க. மூணு முடிச்சு போட்டாச்சு. இனிமே ஆடாது."

 பிறகு கேரவன் படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுத மாட்டேன்.

இந்த ஊரில் தண்ணீர்க் குழாய்க்கு நல்லா என்று பெயர். அது எனக்கு நாற்பத்திரண்டு வருடமாகத் தெரியும். மூடு என்பதற்குத் தெலுங்கில் 'கட்டேய்' என்பார்கள். அதுவும் தெரியும். ஆனால் தமிழில் பேசு என்று கட்டளையிட்டவன் நான். அவர் 'கட்டேய்' என்பதை மரியாதையாகக் 'கட்டுங்க' என்று தமிழாக்கினார். 'நல்லா' அவருக்குத் தமிழ்தான். அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து குழாய்க்கு வேறு சொல்லே கிடையாது.

குழாயை மூடிவிட்டு ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் அந்தக் குழம்பில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் என் மனைவியின் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பையில் ஒரு துளிகூடப் படவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த என் மூன்று முடிச்சையும் பார்த்தார்.

"நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்றார்.

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். வழிந்த தண்ணீரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "ஐயோ தம்பி, என் பையைத் தூக்கிட்டா நிக்கறீங்க? இதுவும் என்னாலதானே?"

"யாராலன்னு இல்ல அக்கா" என்று தலைமேல் பையோடு அந்த மனிதர் மறுபடியும் ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என்னால" என்றேன். சட்டைப் பையிலிருந்து நான் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "தடவைக்கு அரை மக். கோடு போட்டு வெச்சது நான். வால்வைத் திறந்து வெச்சதும் நான். நவம்பர் ஒண்ணுலேர்ந்து அம்பத்து மூணு தடவை. மொத்தம் இருபத்தாறரை மக் தண்ணிதான் உள்ள போயிருக்கு. பேப்பர் காரணமில்ல."

அவள் நோட்டைத் திறந்தாள். ஒரு பக்கம் படித்தாள். அடுத்த பக்கம் திருப்பினாள்.

"நான் போறதையெல்லாமா எழுதி வெச்சிருக்கீங்க?"

"தேதியோட."

"நேரமும் போட்டிருக்கு."

"நேரமும் போட்டிருக்கேன்."

கேரவனுக்குள் அவர் மிகுந்த அக்கறையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இருபத்தெட்டாம் தேதி ரெண்டுன்னு இருக்கு. அன்னிக்கு மூணு தடவை போனேன். நீங்க பேங்க்குக்குப் போயிருந்தீங்க."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பேங்க்குக்குப் போனது உண்மைதான். "அப்படின்னா இருபத்தேழு மக்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். ஈரப்படி என்று நான் எச்சரித்ததற்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பையை இங்க குடுங்க. வண்டியைக் கழுவி எடுங்க. நானும் வரேன். அது இறங்கறதை என் கண்ணால பாக்கணும்" என்றாள். நோட்டு எனக்குத் திரும்பி வரவில்லை.

கழுவ ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. நான் வண்டி ஓட்டினேன், அவள் என் பக்கத்தில், அவர் பின்னால் தரையில் காதை வைத்தபடி. மல்லாபூர் வரை நல்ல ரோடுகளை விட்டு மோசமான ரோடுகளாகத் தேடிப் போகச் சொன்னார். அதற்கு ஒன்றும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தாறு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் பின்னாலிருந்து, "கேக்குது அக்கா, இளகுது" என்று செய்தி வந்தது. முப்பதாவது வேகத்தடை தாண்டியதும் அவர் தானாகப் பேசினார்.

"தப்பு எம்மேலயும் இருக்கு சார். தாராளம்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ஒரு பக்கெட்டுன்னு சொல்லியிருக்கணும்."

ஏழு சந்திப்பில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட எண் அந்த ஒன்றுதான். அவருக்கும் அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். 

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய செப்டிக் தொட்டி. குழாயை மாட்டி, வால்வைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தள்ளி நில்லுங்க" என்றார். அவள் தள்ளி நிற்கவில்லை. வால்வை இழுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு விக்கல், ஒரு பெரிய உறுமல். ஹோஸ் பாம்பு போலத் துள்ளியது. பத்தொன்பது விநாடியில் எண்பது லிட்டரும் போய்விட்டது. என் மனைவி கழிப்பறைக்குள் போய் ஒரு முழு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தாள். அது தடையில்லாமல் இறங்கிய சத்தத்தை எங்கள் மூவராலும் கேட்க முடிந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

"குடுங்க சார்."

"எவ்வளவுன்னு சொன்னாத்தானே குடுக்க முடியும்?"

"பாத்துக் குடுங்க."

என் மனைவி கையை நீட்டினாள். பர்ஸைக் கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டுகளை எடுத்து மடித்து அவர் கையில் வைத்தாள். அவரும் பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வாங்க அக்கா. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். யாரென்றே தெரியாத குடியாத்தத்து அக்காவை.

மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வழியில் எத்தனை தடவை வண்டியை ஓரம் கட்டினேன் என்று கேட்டால், கட்டினேன். இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு முன்பாகவே அக்கா வீட்டு வாசலில் நின்றோம். என் மனைவி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, எட்டு வருடத்துக் கதையைத் தொடங்கினாள். அக்கா பேசவில்லை. அவளுடைய இடது கை மட்டும் என் மனைவியின் முறிந்து கூடிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. நான் வெளியே வந்து கேரவன் படியில் உட்கார்ந்து பர்ஸைத் திறந்தேன். மல்லாபூருக்குப் போகும்போது அதில் எட்டாயிரத்து இருநூறு இருந்தது. டீசலுக்கும் லாட்ஜுக்கும் கார்டு. கர்னூலில் வாங்கிய கோடில்லாத பெரிய மக் அறுபத்தைந்து. சாப்பாடு, டீ எழுநூற்று முப்பத்தைந்து. மிச்சம் மூவாயிரத்து தொள்ளாயிரம். சாப்பாடு எப்படியும் சாப்பிட்டிருப்போம், அதைச் சேர்க்கவில்லை. அவருக்கு அவள் கொடுத்ததும் அந்த மக்கும் சேர்த்து, எனக்கு ஆனது மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து ரூபாய்.